மூன்று பேருக்கு ஒரு கீபோர்டு

1. நாங்கள் மூன்று பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, கல்லூரி மாணவர்களுக்கான புரோகிராமிங் போட்டி ஒன்றில் கலந்துகொண்டோம்.

2. முதல் சுற்றை செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்தே எழுதினோம். தேர்வானோம்.

3. இறுதிச் சுற்றுக்குச் சென்னைக்குப் போனோம். திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனோம்.

4. ஐந்து கணக்குகளைச் சரியாகப் போட்டோம்.

5. முதல் பத்து அணிகளை ஒரு நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. நாங்கள் அந்தப் பத்தில் இல்லை.

6. மூவரில் ஒருத்திக்கு அந்த அழைப்பு உண்மையாகவே தேவைப்பட்டது.

7. திரும்பி வந்தோம்.

நடந்தது இவ்வளவுதான். யாராவது கேட்டால் இந்த ஏழு வரியோடு நிறுத்திக்கொள்வேன். எதையும் வரிசை போட்டுச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதற்கு மேல் பேசினால் அலுப்பாக இருக்கிறது. ஆனால் நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் கொஞ்சம் விஷயம் விட்டுப்போகிறது. அதைச் சொல்லாவிட்டால், எங்களுக்குத் திறமை போதவில்லை என்று ஆகிவிடும். அது சரியல்ல.

பெயர்கள் வேண்டாம். வகுப்பில் எங்களை ஊர்ப் பெயரால்தான் கிண்டல் செய்வார்கள், அதுவே இங்கும் போதும். நான் செஞ்சி டவுன். நைனாவுக்கு, விவசாயிகள் மூட்டை கொண்டுவந்து விற்கும் நெல் கமிட்டியில் வேலை. வல்லத்துக்காரிக்கு வாய் ஓயாது. சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் என்பதால் எந்த ஆங்கிலப் பக்கத்தையும் பார்த்தவுடன் படித்துவிடுவாள். சிங்கவரத்துக்காரி பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். அதிகம் பேசமாட்டாள். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு, அவற்றைக் கோடுகளால் இணைத்துக்கொண்டே இருப்பாள். நாங்கள் இருவரும் இன்னும் கேள்வியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, "முடிஞ்சிச்சு, டைப் பண்ணட்டுமா?" என்பாள்.

எங்கள் வகுப்பில் புரோகிராம் எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எனக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை. வகுப்புக்கும் இல்லை. சந்தேகம் இருந்தது கம்பெனிகளுக்கு மட்டும்தான். அவர்களும் அவளைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படவில்லை, பார்க்கவே இல்லை.

காரணம் அரியர். முதலாம் ஆண்டில் திடீரென்று எல்லாப் புத்தகமும் ஆங்கிலத்தில் வந்தபோது அவள் இரண்டு பாடத்தில் ஃபெயில் ஆனாள். அடுத்த பருவத்திலேயே இரண்டையும் எழுதிப் பாஸ் செய்தாள். அதற்குப் பிறகு எந்தப் பாடத்திலும் அவளுக்கு மதிப்பெண் குறையவில்லை. ஆனால் எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் அனுப்பும் தாளில் முதல் வரியே, எப்போதும் அரியர் வைத்திருக்கக் கூடாது என்பது. இப்போது பாஸா என்று கேட்பதில்லை. எப்போதாவது ஃபெயில் ஆனாயா என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியில் அவள் வெளியே போய்விடுவாள். எழுத்துத் தேர்வு நடக்கும் அறைக்குள்கூட விடமாட்டார்கள்.

இந்த நிலையில்தான் துறை மேடம் வாட்ஸ்அப் குழுவில் போட்டி அறிவிப்பை அனுப்பினார். எல்லாரும் முதல் பக்கத்தைப் பார்த்துக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்குக் கடைசிப் பக்கம் வரை படிக்காவிட்டால் தூக்கம் வராது. கடைசிப் பக்கத்தில் இருந்தது: இறுதிச் சுற்றில் முதல் பத்து இடங்களுக்குள் வரும் அணிகளில் எல்லாரையும் போட்டியை நடத்தும் நிறுவனம் நேரடியாக நேர்முகத்துக்கு அழைக்கும். மதிப்பெண்ணும் அரியரும் கணக்கில் வராது.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் சிங்கவரத்துக்காரியிடம் சொன்னேன். நான் நீட்டிய போனை அவள் வாங்கிப் பார்க்கவில்லை.

"அரியர் பாக்க மாட்டாங்கன்னு போட்டிருக்குதா? நல்லா பாத்தியா?"

"போட்டிருக்குது."

"அப்போ போலாம்," என்றாள். வல்லத்துக்காரியை நாங்கள் கேட்கவே இல்லை. அவளே வந்து சேர்ந்துகொண்டாள்.

இந்த வகைப் போட்டியில் மூன்று பேருக்கு ஒரே ஒரு கணினிதான் தருவார்கள். ஒருத்தி தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் தாளில் யோசிக்க வேண்டும். எங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வல்லத்துக்காரி கேள்வியைப் படிப்பாள். சிங்கவரத்துக்காரி வழி கண்டுபிடித்து, அவளே தட்டச்சும் செய்வாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று தப்பு பார்ப்பேன். எண் பெரிதானால் தாங்குமா, பூஜ்யம் வந்தால் என்ன ஆகும், ஒன்றிலிருந்து எண்ணுகிறோமா பூஜ்யத்திலிருந்தா, இப்படி எனக்கு ஒரு மனப்பாடம் இருந்தது. அதை ஒப்பித்து முடிக்காமல் அனுப்பவிட மாட்டேன்.

படிப்பதில் வல்லத்துக்காரிக்கு ஒரு முறை இருந்தது. இந்தக் கேள்விகள் எல்லாம் கதை மாதிரி எழுதப்பட்டிருக்கும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு ராஜா, அவருக்குப் பல கோட்டைகள், ஒவ்வொரு கோட்டையிலும் இத்தனை தங்கக் கட்டி, இப்படி ஒரு பக்கத்துக்கு ஓடும். சிங்கவரத்துக்காரி அந்த ஆங்கிலத்தில் மூச்சு முட்டி நின்றுவிடுவாள். அதனால் வல்லத்துக்காரி ஒரு தடவை படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, எங்கள் ஊர்க் கதையாக மாற்றிச் சொல்வாள். "தோ பாரு, கமிட்டிக்கு நெல்லு மூட்ட வருது. ஒவ்வொரு மூட்டையும் ஒரு எடை. லாரி இவ்ளோதான் தாங்கும். எத்தினி லாரி வேணும், சொல்லு." ராஜாவும் தங்கமும் போய்விடும். அவள் சொல்லி முடிப்பதற்குள் சிங்கவரத்துக்காரி வட்டம் போட ஆரம்பித்திருப்பாள். அந்த முறையால்தான் எங்களுக்கு வேகம் வந்தது. முதல் சுற்றில் ஜெயித்ததும் அதனால்தான்.

பயிற்சி முழுக்கக் கல்லூரி ஆய்வகத்தில். வகுப்பு முடிந்து, கல்லூரிப் பேருந்தை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸுக்கு நேரம் ஆகும் வரை உட்கார்ந்திருப்போம். அப்போதே களைத்துப் போயிருப்போம். ஆய்வகத்தில் மின்விசிறிகளில் பாதி ஓடாது. நெட் அதைவிட மோசம். விடையை அனுப்பும் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், எதுவும் போகாது. "இன்னொரு தபா அழுத்துமா," என்பார் ஆய்வக உதவியாளர் அண்ணன், நாற்காலியிலிருந்து எழாமலே. இரண்டாவது அழுத்தலில்தான் போகும். சில சமயம் இரண்டும் போய், ஒரே விடை இரண்டு வரியாக வந்து நிற்கும். அதனால் எங்களுக்கு எந்த நஷ்டமும் இருந்ததில்லை. சில வாரங்களில், வளையம் சுற்றுகிறதா என்று பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். அனுப்புவது என்றால் இரண்டு முறை அழுத்துவது. கதவைத் தட்டும்போது யாரும் ஒரு தட்டோடு நிறுத்துவதில்லை அல்லவா, அதுபோல.

முதல் சுற்றில் எத்தனை கணக்கு சரி என்பதை மட்டும்தான் பார்த்தார்கள். இறுதிச் சுற்றில் ஒரு விதி கூடுதல். ஒரே எண்ணிக்கையில் போட்ட அணிகளில் யார் முன்னால் என்பதை நேரத்தை வைத்து முடிவு செய்வார்கள். ஒரு கணக்கைச் சரியாகப் போடுவதற்கு முன் தப்பாக அனுப்பிய ஒவ்வொரு விடைக்கும் இருபது நிமிடம் சேர்த்துவிடுவார்கள். இந்த விதியை நாங்கள் படித்தோம். நான் அதைச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். அவசரப்பட்டு அனுப்பக் கூடாது, பார்த்து அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பொத்தானைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் அமாவாசை.

செஞ்சிக்காரர்கள் மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு மறுநாள் காலையில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டமெல்லாம் அப்போதுதான் திரும்பும். ஓடுகிற பேருந்துகளில் பாதி சிறப்புப் பேருந்தாக அங்கே போயிருக்கும். தேதியைக் குறித்தவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. விடியும்போதே பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டோம். வந்த வண்டி ஒவ்வொன்றும் படியில் ஆள் தொங்க வந்தது. மூன்றை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினோம். ஏறினோம் என்பதைவிட, ஏற்றப்பட்டோம் என்று சொல்லலாம்.

உள்ளே எல்லாரும் இரவெல்லாம் கோயிலில் விழித்திருந்தவர்கள். நெற்றி நிறையக் குங்குமம், மடியில் எலுமிச்சம்பழம், நின்றபடியே கண் சொருகிய முகங்கள். மொட்டையடித்த குழந்தை ஒன்று வல்லத்துக்காரியின் இடுப்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. அதன் அம்மா மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்துவிட்டு, எங்கே போகிறோம் என்று விசாரித்தார். பரீட்சைக்கு என்றோம்.

"ஞாயித்துக்கெழமல இன்னா பரீட்ச?"

"கம்ப்யூட்டர்ல ஓட்டப்பந்தயம்கா," என்றாள் வல்லத்துக்காரி. "மூணு பேருக்கு ஒரே செருப்பு."

அந்த அக்கா சிரித்துவிட்டு எங்கள் மூவருக்கும் குங்குமம் கொடுத்தார். திண்டிவனத்தில் இறங்கும்போது எனக்கு முதுகு விறைத்திருந்தது. அடுத்த பேருந்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவுடன் மூவரும் தூங்கிவிட்டோம். சிங்கவரத்துக்காரி மட்டும் நடுவில் ஒருமுறை விழித்து, பத்து அணி என்றால் பத்தாவதும் சேர்த்தியா, பத்துக்குக் கீழா என்று கேட்டாள். சேர்த்திதான் என்றேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது.

போட்டி நடந்த கல்லூரி பெரியது. அரங்கத்தில் ஏசி நடுக்கியது. பெரிய கல்லூரி அணிகள் ஒரே நிறத்தில் பனியன் போட்டு, முதுகில் பெயர் அச்சடித்து வந்திருந்தார்கள். ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் அந்த அணியின் மேசையில் ஒரு பலூனைக் கட்டுவார்கள். எங்கள் மேசைக்கு எதிர் மேசைப் பையன்கள் உட்கார்ந்த சற்று நேரத்திலேயே ஒரு பலூன் வாங்கிவிட்டார்கள். "இவனுங்க வீட்லயே போட்டு எடுத்துனு வந்துட்டானுங்களா?" என்றாள் வல்லத்துக்காரி.

எங்களுக்கும் பலூன் வந்தது. முதல் மூன்று கணக்குகளையும் முதல் முயற்சியிலேயே சரியாகப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் திரையில் இரண்டு பச்சை வரி வந்தது. எங்கள் ஆய்வகத்தில் பார்த்ததுதானே என்று விட்டுவிட்டோம். சரியான விடை எத்தனை முறை போனாலும் பாதிப்பில்லை என்பதால் அதுவரை உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. திரையில் தெரிந்த தரவரிசைப் பட்டியலில் நாங்கள் ஏழாவதோ எட்டாவதோ இருந்தோம். சிங்கவரத்துக்காரி பட்டியலைப் பார்க்கவில்லை. பார்க்காதே என்று நாங்களும் சொல்லியிருந்தோம். ஆனால் நான் பார்த்ததை என் முகத்தில் பார்த்திருப்பாள்.

நான்காவது கணக்கு தீவுகளைப் பற்றியது. பல தீவுகள், அவற்றுக்கிடையே படகுகள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பயண நேரம். முதல் தீவிலிருந்து கிளம்பி, சொன்ன தீவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, குறைந்த நேரத்தில் திரும்ப வேண்டும்.

வல்லத்துக்காரி தாளைக் கவிழ்த்தாள். "நீ செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற. டவுன் பஸ் வல்லத்துக்குப் போவுது, சிங்கவரத்துக்குப் போவுது, மலையனூருக்குப் போவுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம். எல்லா ஊரையும் பாத்துட்டு வூட்டுக்கு வரணும். எவ்ளோ சீக்கிரம் வருவ?"

சிங்கவரத்துக்காரி வட்டம் போட்டாள். வட்டங்களை இணைத்தாள். தட்டச்சு செய்தாள். நான் என் மனப்பாடத்தை ஒப்பித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கேள்வியில் கொடுத்திருந்த மாதிரிக் கணக்குக்கும் விடை சரியாக வந்தது. அனுப்பினாள்.

இரண்டு சிவப்பு வரி.

"ரெண்டு தபா திட்டுது பாரு," என்றாள் வல்லத்துக்காரி. நாங்கள் சிரிக்கக்கூட இல்லை. எண் பெரிதாகிப் போயிருக்கும் என்று நினைத்து அதை மாற்றினோம். அனுப்பினாள். மறுபடி சிவப்பு. நினைவகத்தில் ஒதுக்கிய இடம் போதவில்லையோ என்று அதைக் கூட்டினோம். மறுபடி சிவப்பு. வேறு கணக்குக்குப் போகலாம் என்றேன். வல்லத்துக்காரியும் அதையே சொன்னாள்.

சிங்கவரத்துக்காரி கை நீட்டினாள். "அந்தப் பேப்பர குடு."

கவிழ்த்து வைத்திருந்த கேள்வித்தாளைத் திருப்பி, ஆங்கிலத்தை அவளே படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லின் மீதும் விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாக. எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. எதிர் மேசையில் இன்னொரு பலூன் ஏறியது. பாதிப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"இது போவுது மட்டும்தான்டி," என்றாள். "திரும்பி வராது. படகு ஒரு பக்கந்தான் போவும்."

நான் எட்டிப் பார்த்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தது. வல்லத்துக்காரியின் கண்ணில் அது படாமல் இல்லை. அவள் படித்திருந்தாள். ஆனால் டவுன் பஸ்ஸாக மாற்றியபோது அது தானாகவே உதிர்ந்துவிட்டது. செஞ்சியிலிருந்து சிங்கவரத்துக்குப் போகிற பஸ் திரும்பி வராமல் எங்கே போகும்? சொன்னவளுக்கும் தோன்றவில்லை, கேட்டவளுக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் அந்த பஸ்ஸில் போய்த் திரும்பி வளர்ந்தவர்கள்.

புரோகிராமில் ஒரே ஒரு வரியை நீக்கினாள். திரும்பி வரும் வழியைச் சேர்க்கும் வரி. பச்சை வந்தது. வல்லத்துக்காரி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஐந்தாவது கணக்கையும் முடித்தோம். அது முடிந்தபோது நேரம் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் தரவரிசைப் பட்டியலைத் திரையில் மாறாமல் நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்பதால் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. ஆனால் ஐந்து பலூன் இருந்தது. சுற்றிலும் எண்ணிப் பார்த்ததில் ஐந்துக்கு மேல் இருந்த மேசைகள் சிலதான். எனக்குச் சோர்வில் கண் எரிந்தது. ஆனாலும் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்பது, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரி செய்துகொண்டதில் தெரிந்தது. நேர்முகம் அன்றைக்கே இருக்குமோ என்று என்னிடம் கேட்டாள்.

முடிவைத் திரையில் போட்டார்கள். நாங்கள் பன்னிரண்டாவது.

எங்களைப் போலவே ஐந்து போட்ட அணிகள் எங்களுக்கு மேலே வரிசையாக நின்றன. எங்கள் பெயருக்கு நேரே இருந்த நேரம் எல்லாரையும்விட வீங்கியிருந்தது. நான்காவது கணக்கின் கட்டத்தில் எத்தனை முறை தப்பாக அனுப்பினோம் என்று போட்டிருந்தது. ஆறு. நாங்கள் தப்பு செய்தது மூன்று முறை.

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு சிவப்பு வரிகள் புரிந்தன.

போட்டியை நடத்தியவர்களில் ஓர் இளைஞர் மேடைக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு நின்றிருந்தார். மூவரும் போனோம். ஒரே விடைதான் இரண்டு முறை போயிருக்கிறது, நடுவில் எதையும் மாற்றவில்லை, அதை ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகத் திறந்து பார்த்தார். முதல் கணக்கிலிருந்தே எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா அனுப்பியிருக்கீங்க?"

வல்லத்துக்காரிதான் பதில் சொன்னாள். "எங்க லேப்ல மொத தபா அழுத்தினா போவாது சார்."

"இங்க போகுதேம்மா," என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. நடுவர்கள் மேசைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அனுப்பிய ஒவ்வொன்றும் கணக்கு என்பதுதான் விதி, உங்களுக்கு மாற்றினால் எல்லாருக்கும் மாற்ற வேண்டியிருக்கும், முடிவு அறிவித்தாகிவிட்டது என்று சொன்னார். அவர் சொன்னது நியாயம். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டு வந்தோம். பங்கேற்றதற்கான சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். பலூன்களை எடுத்துப்போகலாம் என்றார்கள். எடுக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் மூவருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. வண்டி கிளம்பியதும் வல்லத்துக்காரி, தன்னால்தான், பஸ் கதை சொன்னதால்தான் என்று ஆரம்பித்தாள். சிங்கவரத்துக்காரி அதை முடிக்கவிடவில்லை.

"நீ சொன்னது மூணு தப்பு. அத ஆறாக்கினது என் வெரலு. உடு."

மதுராந்தகம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "ஒத்தையா அனுப்பியிருந்தா எத்தினாவது?"

நான் தாளில் போட்டுப் பார்க்கவில்லை. தேவையும் இல்லை. மேலே இருந்த அணிகளின் நேரம் எல்லாம் என் தலைக்குள் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுபவள். ஏற்கெனவே போட்டுவிட்டுத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"எட்டாவது," என்றேன்.

"எனக்கும் எட்டுதான் வந்துச்சி," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்தோம். வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று பேசி, ஐந்து கணக்கு போட்டோம் என்று மட்டும் சொல்வதாக முடிவு செய்தோம்.

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் எங்கள் மூவரின் புகைப்படங்களோடு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மாநில அளவிலான இறுதிச் சுற்றில் பங்கேற்ற மாணவிகளை வாழ்த்துகிறோம் என்று இருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து அதுவரை யாரும் அந்தச் சுற்றுக்குப் போனதில்லை என்பதால் மேடத்துக்கு உண்மையான சந்தோஷம். வல்லத்துக்காரி, "காதுகுத்து பேனர் மாதிரி இருக்குதுடி," என்றாள். சிங்கவரத்துக்காரி ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மழையில் நிறம் போகும்வரை அது அங்கேயே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

பிறகு கம்பெனிகள் வந்தன. முதல் வரியில் வழக்கமான நிபந்தனை. நானும் வல்லத்துக்காரியும் உள்ளே போனோம். சிங்கவரத்துக்காரி அன்றைக்குக் கல்லூரிக்கு வந்து நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். வராமல் இருந்திருக்கலாம். வருகைப்பதிவு குறையும் என்றாள்.

நேர்முகத்தில் என்னிடம் அந்தப் போட்டியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள். எந்தக் கணக்கு கடினமாக இருந்தது என்று கேட்டார்கள். படகுக் கணக்கைச் சொன்னேன். எப்படிப் போட்டீர்கள் என்றார்கள். விளக்கினேன். வழி கண்டுபிடித்தது நான் அல்ல, என் அணியில் இன்னொருத்தி, இதே கல்லூரிதான், இப்போது நூலகத்தில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். எதிரே இருந்தவர் ஏன் அவர் வரவில்லை என்று கேட்டார். அரியர் வரலாறு என்றேன். ஓ என்றார். தாளைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வெளியே வந்து அவளிடம் இதைச் சொன்னபோது, "எதுக்கு என்ன இழுத்த, உன் நேரம் போயிருக்கும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் கல்லூரி மூலம் இல்லாமல் தானே நிறையக் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தாள். இணையப் படிவத்தில் அரியர் வைத்ததுண்டா என்ற கேள்வி வரும். ஆம் என்று போட்டவுடன் அடுத்த பக்கம் திறக்காது. இல்லை என்று போடச் சொன்னாள் வல்லத்துக்காரி. மார்க் ஷீட் கேட்கும்போது தெரிந்துவிடும், அப்போது பொய் சொன்னவள் என்று வேறு ஆகும் என்றாள் சிங்கவரத்துக்காரி. நாங்கள் மூவரும் சந்திப்பதும் குறைந்தது. சந்தித்தாலும் போட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். அங்கே நின்று செய்வதற்கு ஒன்றுமில்லை.

இன்றைய நிலை இது. படிப்பு முடிந்துவிட்டது. வல்லத்துக்காரி பெங்களூரில் வேலையில் சேர்ந்துவிட்டாள். எனக்கு வேலைக்கான கடிதம் வந்துவிட்டது, சேரும் தேதி வரவில்லை, வீட்டில் இருக்கிறேன். சிங்கவரத்துக்காரி விழுப்புரத்தில் மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கும் ஓர் இடத்தில் இருக்கிறாள். கடை கடையாகப் போய் அதை ஏற்றிக் கொடுப்பதும், பழுதானால் போய்ப் பார்ப்பதும் அவள் வேலை. புரோகிராம் எழுதும் வேலை அங்கே வேறு ஒருவருக்கு. இந்த மாதமும் மூன்று இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இதுவரை யாரும் அவளை நேர்முகத்துக்கு அழைக்கவில்லை.